டோவர் பாதையும் பக்கத்து ஆசனமும்: குறுகிய விடுமுறைப் பயண எழுத்துப் பற்றி ஒரு நோக்கு

பயண இலக்கியத்தை நோக்குமிடத்து, ஆசிரியர் எவ்வாறு சென்றார் என்பதற்கும் அவருடைய நூல் பெற்ற மதிப்புக்குமிடையே ஒரு தொடர்பு இருப்பது புலனாகும். நடந்து சென்றவனுக்கு அங்கே முதலிடம். பற்றிக் லீ ஃபேர்மர் என்னும் ஆங்கிலேயர் 1933ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒல்லாந்தின் கரையிலிருந்து கொன்ஸ்தாந்திநோப்பிளை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார். அப்பயணத்தின் முதற்பகுதி 1977இல் நூலுருப் பெற்றபோது அது பயண உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. புகையிரதத்திற் சென்றவனுக்கு அடுத்த இடம். இலண்டனிலிருந்து ஆசியா முழுவதும் புகையிரதங்களிலே சுற்றித் திரும்பிய போல் தெரூவின் நூல் 1975இல் வெளிவந்து பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தது. கப்பலுக்கும் ஓர் இடமுண்டு, ஒட்டகத்துக்குக்கூட உண்டு. நெடுந்தூரப் பஸ் வண்டிக்கோ அத்தகைய பேறு கிட்டவில்லை. ஐரோப்பாவின் ஒரு நகரிலிருந்து இன்னொரு நகருக்கு இரவு முழுவதும் பஸ்ஸிலே இருந்து சென்றவரின் நூல் எதனையும் மேற்கூறியவற்றோடு ஒருவரிசையில் வைத்து எவரும் பேசுவதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அக்கண்டத்தில் இலட்சக்கணக்கானோர் அவ்வாறுதான் பயணஞ் செய்கின்றனர்.

வாகனத்தின் தாழ்வு எழுத்தின் தாழ்வாக மாறுவது ஏன் என்பது இலக்கிய மாணவர் கேட்கவேண்டிய வினா. அதனை நாம் இக்கட்டுரையிலே முழுமையாக ஆராயப்போவதில்லை. ஒரேயொரு பாதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இலண்டனிலிருந்து டோவர் துறைமுகம், அங்கிருந்து நீரிணையைக் கடந்து கலே, கலேயிலிருந்து பாரிஸ் என்பதே அப்பாதை. ஏறத்தாழ 450 கிலோமீற்றர் தூரம். வெள்ளி இரவு இலண்டன் விக்ரோறியா பஸ் நிலையத்திற் புறப்பட்டுச் சனி காலை பாரிஸை அடைந்து, ஞாயிறு இரவு மீளப் புறப்படுபவர் இன்று இதனையே பயன்படுத்துகின்றனர். அவர்களுக்காக எழுதப்படும் எழுத்தை இப்பாதையில் முன்னர் பிறந்த எழுத்தோடு ஒப்புநோக்கினால், பின்னையது வளமாகக் கையாண்ட எதனை முன்னையது கைவிட்டுள்ளது என்பது தெளிவாகும்.

இப்பாதைக்கு இலக்கியப் பெருமையை முதலில் தேடித்தந்தவர்களுள் லோறன்ஸ் ஸ்ரேர்ண் முக்கியமானவர். பிரான்சினூடாகவும் இத்தாலியினூடாகவும் ஓர் உணர்ச்சிப் பயணம் என்ற பொருள்படும் தலைப்புடைய அவரது நூல் 1768ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. மறுமாதமே அவர் இறந்துபோனார். தலைப்பிலே இத்தாலி உண்டாயினும் கதை அங்கே சென்று சேரவில்லை என்பதை இந்நூலைப் படித்தோர் அறிவர். நாயகனான யோரிக் பாதிரியார் கலேயில் இறங்கி, அங்கிருந்து நகர்வதற்கே பல அத்தியாயங்களை எடுத்துக்கொள்கிறார். வண்டி வாங்குவதற்காக விடுதி முற்றத்துக்குச் சென்றவர், அங்கு நிறுத்தப்பட்டிருந்த ஒற்றை ஆசன வண்டியொன்றினுள் ஏறி அமர்ந்து நூலின் முகவுரையை எழுதத் தொடங்கிவிடுகிறார். வண்டி ஓடவில்லை. எழுதும் வேகத்தில் அது ஆடுகிறது. வெளியே நின்ற இரு ஆங்கிலேயர் ஏன் ஆடுகிறதென்று வியக்கின்றனர். அம்முகவுரையிலே பயணிகளை அவர் சோம்பேறிப் பயணி, ஆர்வப் பயணி, பொய்ப் பயணி, கர்வப் பயணி என்று வகை பிரித்துச் செல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும் அந்த வேடிக்கைக்குள் ஒரு கொள்கை உண்டு. பயணத்தை வகைப்படுத்துவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் சென்றடையும் ஊரன்று, செல்பவனின் மனநிலை.

ஸ்ரேர்ணின் நூலிலே பாரிஸின் புகழ்பெற்ற கட்டடங்களைத் தேடுவோர் ஏமாறுவர். கையுறை விற்கும் பெண், வழியிலே இறந்துபோன தன் கழுதைக்காக அழும் ஒருவன், விடுதி நடையிற் கூண்டில் அடைபட்ட ஒரு பறவை ஆகியனவே அங்கு நினைவில் நிற்பவை. பறவையின் நிகழ்ச்சி நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. பிரான்சுடன் இங்கிலாந்து போரிற் கிடந்த காலம் அது. யோரிக் கடவுச்சீட்டின்றிப் புறப்பட்டு வந்துவிட்டார். பொலிஸ் அதிகாரி விசாரிக்கிறார் என்று வேலைக்காரன் சொன்னபோதும் அவர் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. பஸ்தீல் சிறையென்றால் என்ன, அதுவும் நான்கு சுவருள்ள ஒரு வீடுதானே என்று தமக்குள்ளே தத்துவம் பேசிக்கொள்கிறார். அவ்வேளை கூண்டுப் பறவை தன்னால் வெளியேற முடியவில்லை என்று பழக்கப்பட்ட குரலில் மீண்டும் மீண்டும் சொல்வது காதில் விழுகிறது. கூண்டைத் திறக்க முயல்கிறார், முடியவில்லை. தத்துவம் அந்த நடையிலேயே சரிந்துவிடுகிறது. ஒரு கடவுச்சீட்டுப் பிரச்சினை எவ்வளவு பெரிய இலக்கியப் பொருளாக விரியலாம் என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு ஆங்கில உரைநடையில் இருக்குமா என்பது ஐயமே. பின்னர் யோரிக் வேர்சாய் சென்று, சேக்ஸ்பியரின் நாடகத்திலே வரும் தம் பெயரின் உதவியால் ஒரு பிரபுவின் தயவைப் பெற்றுக் கடவுச்சீட்டை எடுத்துக்கொள்வது வேறு கதை. கனவானுக்குத்தான் அவ்வழி திறந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1859இல், சாள்ஸ் டிக்கன்ஸ் தமது இரு நகரங்களின் கதையை இதே பாதையிலேயே தொடங்கினார். கதை நிகழ்வது 1775 நவெம்பர் மாதத்து ஓர் இரவு. டோவரை நோக்கிச் செல்லும் அஞ்சல் வண்டி இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஷூட்டர்ஸ் குன்றிலே சேற்றிற் சிக்கித் திணறுகிறது. பயணிகள் மூவரும் இறங்கி வண்டியின் பக்கத்தே நடக்கின்றனர். மூவரும் காதுவரை போர்த்தியிருக்கின்றனர். ஒருவர் மற்றவரின் முகத்தைக் கண்டதில்லை. மற்றவர் கள்வரின் கூட்டாளியாக இருக்கலாமென்று ஒவ்வொருவரும் அஞ்சுகின்றனர். வண்டிக் காவலனோ எல்லோரையும் ஐயுறுகிறான். இதனையடுத்து வரும் அத்தியாயத்தில், ஒவ்வொரு மனிதனும் மற்றவனுக்கு எவ்வளவு ஆழமான இரகசியம் என்பதை டிக்கன்ஸ் சிந்திக்கிறார். ஒரே வண்டியில் முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்கும் மூவருக்கிடையே உள்ள தூரம், ஊர்களுக்கிடையே உள்ள தூரத்திலும் பெரிது என்பது அதன் சாரம்.

அதே இரவில் லொறி என்னும் வங்கி ஊழியர் ஆசனத்திலிருந்தவாறே அரைத்தூக்கம் தூங்குகிறார். பதினெட்டு ஆண்டுகளாகப் புதையுண்டு கிடந்த ஒருவரைத் தாம் தோண்டியெடுப்பதாகவும், அவரோடு பேசுவதாகவும், அவர் உடைந்து மண்ணாகப் போவதாகவும் அவருக்குத் திரும்பத் திரும்பத் தோற்றம் வருகிறது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் விழிக்கிறார். பின்னர் மீண்டும் அதே தோற்றம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸிற் சென்ற எவருக்கும் அந்தத் தூக்கத்தின் தன்மையை விளக்கவேண்டியதில்லை. தூக்கமும் விழிப்புமற்ற அந்த நிலையைக் கதையின் கருவாகவே டிக்கன்ஸ் மாற்றிவிட்டார். அரசியற் சிறையில் இருந்த ஒருவரின் மீட்சி, வாசகனுக்கு முதன்முதலில் ஒரு வண்டிப் பயணியின் கெட்ட தூக்கமாகவே வந்து சேருகிறது. டோவரை அடைந்தபோது வண்டியினுள்ளே ஈரமான அழுக்கு வைக்கோல் கிடந்ததையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

இனி இன்றைய பஸ்ஸைக் கவனிப்போம். விக்ரோறியா பஸ் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. பிரித்தானியாவில் நெடுந்தூரப் பஸ் சேவைகளுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடுகளை 1980ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் தளர்த்தியது. யூரோலைன்ஸ் என்ற பெயரில் பல நாட்டுப் பஸ் நிறுவனங்கள் 1985இல் ஒன்றிணைந்தன. ஜேர்மனியிலே 1930களிலிருந்து புகையிரதத்தைப் பாதுகாத்து வந்த சட்டம் 2013 ஜனவரியிலே மாற்றப்பட்டது. பிரான்ஸ் 2015இல் அவ்வழியைப் பின்பற்றியது. 2013இல் ஓடத் தொடங்கிய ஃபிளிக்ஸ்பஸ் நிறுவனம் ஆறே ஆண்டுகளில், 2019இல், யூரோலைன்ஸையே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. இவை பொருளியல் மாணவருக்குரிய செய்திகள் போலத் தோன்றலாம். ஆனால் குறுகிய விடுமுறைப் பஸ் பயணம் என்ற வழக்கம் இந்தச் சட்டங்களின் விளைவேயன்றி ஐரோப்பியரின் திடீர் ஆசையன்று. நீரிணைச் சுரங்கம் 1994இல் திறக்கப்பட்டபின் இலண்டனிலிருந்து பாரிஸுக்கு இரண்டேகால் மணித்தியாலத்தில் அதிவேகப் புகையிரதத்திற் செல்ல முடிகிறது. பஸ்ஸுக்கோ ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் வேண்டும். அந்த ஏழு மணித்தியால வேறுபாட்டைத் தம் உடம்பினாற் கொடுத்துப் பணத்தை மீதப்படுத்துபவர் யாவர்? மாணவர், குறைந்த ஊதியத் தொழிலாளர், பிறநாட்டிலிருந்து வந்து குடியேறியோர், முதியோர். இவர்களோடு உல்லாசப் பயணியும் இருக்கிறார். பலவேளைகளில் இருவரும் ஒருவரே.

இந்தப் பயணியை நோக்கி எழுதப்படும் எழுத்து எவ்வாறு அமைந்துள்ளது? அதன் மாதிரியான வடிவத்தை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 2002இல் தொடங்கிய 'முப்பத்தாறு மணித்தியாலங்கள்' என்ற பத்தியிலே காணலாம். வெள்ளி பிற்பகலில் ஆரம்பித்து ஞாயிறு நண்பகலோடு முடிவது அதன் அமைப்பு. ஒவ்வொரு மணிக்கும் ஓரிடம், ஓர் உணவு, ஒரு காட்சி. இவ்வடிவம் பின்னர் எத்தனையோ ஏடுகளிலும் விளம்பரப் பிரசுரங்களிலும் பல்கிப் பெருகியுள்ளது. செய்நேர்த்தி இதில் இல்லையென்று கூறமுடியாது. சொற்சிக்கனமும் பயன்பாடும் உண்டு. ஆனால் இவ்வெழுத்திலே காலம் என்பது வாசகன் நகரிற் காலடி வைத்த கணத்திலேதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதும் பிந்தியதும் காலமாகவே எண்ணப்படவில்லை. பஸ்ஸைப் பற்றி ஏதாவது கூறப்படுமாயின் அது கட்டணம், ஆசனத்தின் அகலம், மின்னேற்றும் வசதி, மலசலகூடம் உண்டா இல்லையா என்பனவாக இருக்கும். வழி ஒரு செலவுக் கணக்காகச் சுருங்கிவிட்டது.

வழியின் இந்த மறைவைப் பற்றி முன்னரே சிந்தித்தோர் உண்டு. புகையிரதம் பயணியை ஒரு பொதியாக மாற்றிவிட்டது என்ற ரஸ்கினின் குறையையும், அதனை வரலாற்று நோக்கில் விரித்து 1977இல் ஷிவெல்புஷ் எழுதிய நூலையும் இங்கு குறிப்பிடலாம். ஆயினும் நமது ஆய்வுக்கு அதிகம் துணைசெய்வது றோலன்ட் பார்த் எழுதிய ஒரு சிறு கட்டுரை. 1957இல் வெளிவந்த அவரது தொகுப்பிலே, பிரெஞ்சு மத்தியதர வர்க்கத்தினர் கையோடு கொண்டு செல்லும் 'நீல வழிகாட்டி' என்ற நூல்வரிசையை அவர் ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்தார். அந்நூலுக்கு மலையும் தேவாலயமும் மட்டுமே தெரிகின்றன. நாட்டின் மனிதர் இன்ன இனத்தார் இன்ன குணத்தார் என்ற அச்சுப் பொம்மைகளாகவே தோன்றுகின்றனர். அந்நாட்டின் தொழில், வர்க்கம், வாழ்நிலை யாவும் மறைக்கப்படுகின்றன என்று அவர் காட்டினார். மனிதர் சமூக மனிதராக அந்நூலில் இடம்பெறும் ஒரேயொரு இடம் புகையிரதத்தின் மூன்றாம் வகுப்புப் பெட்டி என்று அவர் போகிற போக்கிற் சொல்லிச் செல்வது மிகக் கூர்மையானது. அங்கே பலரும் கலந்திருப்பர் என்று வழிகாட்டி எச்சரிக்கிறதாம். பார்த் இதனை ஓரிரு வரியிலே விட்டுவிட்டார். நாம் அவ்விடத்திலே சற்று நின்று பார்க்கலாம். நினைவுச் சின்னங்களுக்கிடையே மக்களை ஒளித்துவைக்க முடிந்த எழுத்து, வாகனத்தினுள்ளே அவர்களை ஒளித்துவைக்க முடியாமற் போயிற்று. ஆகவே அரைநூற்றாண்டின் பின் வந்த எழுத்து வாகனத்தையே ஒளித்துவைத்தது. ஐரோப்பாவின் புகையிரதங்களில் மூன்றாம் வகுப்பு ஒழிந்து பல காலமாயிற்று. அதன் உண்மையான வாரிசு இரவு பஸ்.

திரைப்படம் இவ்விடயத்தில் எழுத்தை விடச் சற்றுத் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறது. பீற்றர் யேற்ஸ் நெறிப்படுத்திய 'சமர் ஹொலிடே' என்ற 1963ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தில், கிளிஃப் ரிச்சட் நடித்த இளம் பஸ் மெக்கானிக்கும் அவன் தோழரும் இலண்டனின் சிவப்பு இரட்டைத் தட்டு பஸ்ஸொன்றை ஓடும் விடுதியாக மாற்றி ஏதென்ஸ் வரை செல்கின்றனர். படத்தின் தொடக்கம் கறுப்பு வெள்ளையில் அமைந்துள்ளது. ஆங்கிலேயக் கடற்கரையொன்றிலே மழை. பஸ் வந்தபின் திரை வண்ணமாகிறது. தொழிலாளி வர்க்க இளைஞனுக்கு ஐரோப்பா திறந்த காலத்தின் மகிழ்ச்சியை இதனிலும் எளிமையாகச் சொல்வது கடினம். பட்டறைத் தொழிலாளி தான் திருத்தும் வண்டியிலேயே தான் விடுமுறைக்குச் செல்வது அழகிய கற்பனை. ஆனால் அந்த பஸ்ஸிலே அந்நியர் இல்லை. கட்டணம் கொடுத்து ஏறியோர் இல்லை. வழியில் வருவோர், சிறப்பாக யூகோசிலாவியக் கிராமத்தவர், நகைப்புக்குரிய வேடிக்கை மனிதராகவே நிற்கின்றனர். பார்த் கண்ட அச்சுப் பொம்மைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் சேர்ந்துவிட்டன, அவ்வளவே.

மெல் ஸ்ருவாட் 1969இல் எடுத்த அமெரிக்கப் படமோ வேறு வகையானது. பதினெட்டு நாட்களில் ஒன்பது நாடுகளைப் பஸ்ஸிலே பார்த்து முடிக்கும் அமெரிக்கர் கூட்டமொன்றின் கதை. இன்று செவ்வாய் என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்கவேண்டும் என்ற அதன் தலைப்பே நியூயோர்க்கர் சஞ்சிகையின் கேலிச்சித்திரம் ஒன்றிலிருந்து பிறந்தது. செல்லும் இடமெல்லாம் நினைவுப் பொருளாக எதையாவது திருடிச் சேர்க்கும் ஒரு பாத்திரம் அதில் உண்டு. சிரிப்பூட்டுவதற்காகப் படைக்கப்பட்டவர்தான், ஆயினும் நகரங்களைச் சேகரித்தல் என்ற முழு நோக்கையும் அவர் ஒருவரே தாங்கி நிற்கிறார். படம் தன் பயணிகளை நையாண்டி செய்தாலும் பஸ்ஸின் உட்புறத்தைக் கைவிடவில்லை. யாருக்குப் பக்கத்தில் யார் அமர்கிறார் என்பதே அதன் கதைப்பின்னல்.

இங்கு ஓர் எதிர்வாதத்துக்கு இடமளித்தல் நியாயமாகும். வாரம் முழுவதும் உழைத்த ஒருவர் இரண்டு நாள் ஓய்வாக ஒரு நகரத்தைப் பார்க்கச் செல்கிறார்; அவருக்கு உணவுக்கடையின் பெயரைச் சொல்லும் பத்தி போதாதா, சமூகவியல் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி வலுவானது. உல்லாசப் பயணியை எள்ளி நகையாடுவது கல்விமான்களுக்கு எப்போதும் இலகுவான பொழுதுபோக்காக இருந்து வந்துள்ளது. ஜேர்மனியக் கவிஞரான என்சென்ஸ்பேர்கர் 1958இல் எழுதிய கட்டுரையொன்றிலே, இத்தகைய எள்ளலுக்குப் பின்னால் தமது சலுகை பறிபோகிறதே என்ற மேட்டுக்குடியினரின் எரிச்சல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். உண்மை. பிரபுக்களின் மைந்தர் ஆசிரியரோடும் வேலைக்காரரோடும் மாதக்கணக்கில் ஐரோப்பாவைச் சுற்றிய காலத்திலே அந்த வண்டிகளை இழுத்தோரும் துடைத்தோரும் பாரிஸைப் பார்க்கச் செல்லவில்லை. மலிவான பஸ் அதனை இயலச் செய்தது. ஆகவே அப்பயணி செல்வதில் எமக்கு எவ்வித குறையும் இல்லை. எமது குறை, அவருக்காக எழுதுவோர் அவரையே பிரதியிலிருந்து நீக்கிவிடுகின்றனர் என்பதுதான். ஒன்பது மணித்தியாலம் நிமிர்ந்திருந்து வந்தவரை, விடுதி அறையிலிருந்து புதிதாக இறங்கி வந்த கனவானைப் போல அப்பத்தி வரவேற்கிறது. அவரும் தம் களைப்பைத் தகுதிக்குறைவாகக் கருதி மறைக்கக் கற்றுக்கொள்கிறார்.

எழுதப்படக்கூடியது எது என்பதற்கு ஜோன் பேர்ஜர் ஜான் மோரின் நிழற்படங்களோடு 1975இல் வெளியிட்ட 'ஏழாவது மனிதன்' சான்றாகும். அக்காலத்திலே ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் உடலுழைப்புத் தொழிலாளர் ஏழு பேரில் ஒருவர் பிறநாட்டவர். தலைப்பு அதனையே சுட்டுகிறது. புறப்பாடு, உழைப்பு, மீட்சி என்ற மூன்று பகுதிகளாக அமைந்த இந்நூலிலே பயணம் ஓர் இடைவெளியாகக் கருதப்படவில்லை. களவாக எல்லை கடந்து பிரான்சுக்குச் சென்ற போர்த்துக்கேயத் தொழிலாளர், தம் நிழற்படத்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வழிகாட்டியிடம் கொடுத்து மறுபாதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். அந்த மறுபாதி வீட்டாரிடம் வந்து சேர்ந்தால் ஆள் பத்திரமாகச் சேர்ந்துவிட்டார் என்பது பொருள். அதன் பின்னரே வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கப்பட்டது. உணர்ச்சியை வலிந்து ஊட்டும் ஒரு சொல்லும் அவ்விடத்திலே தேவைப்படவில்லை. உல்லாசப் பயணியும் வழி நெடுக நிழற்படம் எடுக்கிறார். இரண்டு படங்களுக்குமிடையே உள்ள வேறுபாட்டைப் பேர்ஜரைப் படித்தபின் எந்தப் பயணக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் மறக்க முடிவதில்லை.

இன்றைய இரவு பஸ்ஸின் வழியிலே இலக்கியப் பொருள் வற்றிவிட்டதா? சில செய்திகளை எடுத்துப் பார்க்கலாம். டோவரிலே பிரெஞ்சு எல்லைப் பொலிசாரும் கலேயிலே பிரித்தானிய அதிகாரிகளும் கடவுச்சீட்டைப் பார்க்கின்றனர். ஒரு நாட்டின் எல்லை மற்ற நாட்டின் மண்ணிலே வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்ரேர்ணின் கையில் இது கிடைத்திருந்தால் ஓர் அத்தியாயம் விரிந்திருக்கும். பஸ் பயணிகள் நள்ளிரவில் எழுப்பப்பட்டு, இறங்கி, வரிசையில் நிற்கின்றனர். அந்த வரிசையிலேதான் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் எந்த நாட்டவர் என்பது முதன்முறையாகத் தெரியவருகிறது. ஒருவருக்கு அரை நிமிடம்; இன்னொருவருக்குக் கால்மணித்தியாலம்; பஸ் முழுவதும் அவருக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில் எழும் பொறுமையின்மையும் வெட்கமும் இரக்கமும் டிக்கன்ஸின் மூன்று பயணிகளுக்கிடையே இருந்த ஐயத்துக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல. பிரித்தானியர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின், 2021 முதல், அவர்களது கடவுச்சீட்டும் முத்திரை வேண்டி நின்றது. 2025 ஒக்ரோபரிலே விரலடையாளத்தையும் முகப்படத்தையும் பதியும் புதிய முறை தொடங்கியது. பல தலைமுறையாக எல்லையை உணராது கடந்தவர் இப்போது உணர்கின்றனர்.

தமிழ் வாசகருக்கு இவ்விடம் அந்நியமானதன்று. பாரிஸின் லா சப்பல் பகுதியில் எம்மவர் கடைத்தெரு உண்டு. இலண்டனில் எம்மவர் உறவினர் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டோடு இலண்டனில் வசிக்கும் ஒருவர் அந்த பஸ்ஸில் ஏறி ஒரு வாரவிறுதிக்குப் பாரிஸ் செல்வதானால் முன்கூட்டியே ஷெங்கன் விசா பெற்றிருக்கவேண்டும். பத்தியிலே வெள்ளி பிற்பகலில் ஆரம்பிக்கும் விடுமுறை அவருக்குப் பல வாரங்களுக்கு முன், வங்கிக் கணக்கு அறிக்கைகளோடும் விண்ணப்பப் படிவங்களோடும் ஆரம்பித்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான முப்பத்தாறு மணித்தியாலம் என்று ஒன்று இல்லை.

இன்னொரு சிறு செய்தி. நெடுஞ்சாலையோர நிலையமொன்றிலே நள்ளிரவு கடந்து பஸ் நிற்கும். பயணிகள் தமக்காக நிறுத்தியதாக எண்ணிக் கோப்பி வாங்கச் செல்வர். நான்கரை மணித்தியாலம் ஓட்டிய சாரதி நாற்பத்தைந்து நிமிடம் ஓயவேண்டும் என்பதும், நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டலாகாது என்பதும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி. பயணியின் ஓய்வென்று தோன்றுவது உண்மையில் ஒரு தொழிலாளியின் உரிமை. தொழிற்சட்டத்தின் ஒரு பிரிவு அங்கே கண்முன்னே நிகழ்கிறது. சாரதி இல்லாத பயண எழுத்தில் இந்த நாற்பத்தைந்து நிமிடமும் தாமதம் என்றே பதிவாகும்.

மேற்கூறிய பத்தி ஞாயிறு நண்பகலோடு முடிவடைவதைக் குறிப்பிட்டோம். பேர்ஜர் தம் நூலின் மூன்று பகுதிகளுள் ஒன்றை மீட்சிக்கு ஒதுக்கினார். குறுகிய விடுமுறை எழுத்திலோ எவரும் திரும்பிச் செல்வதில்லை. ஆனால் ஞாயிறு இரவு பாரிஸின் பெர்சிப் பூங்காவின் கீழுள்ள பஸ் நிலையத்திலே மீண்டும் அதே வரிசை நிற்கிறது. வெள்ளியன்று ஒருவரோடொருவர் பேசாது வந்தோர் இப்போது ஒருவரையொருவர் அடையாளங் கண்டு தலையசைப்பர். சிலர் உணவுப் பொதியைப் பகிர்ந்துகொள்வர். கலேயிலே மறுபடி இறங்கி, இம்முறை பிரித்தானிய அதிகாரிக்குக் கடவுச்சீட்டைக் காட்டி, நீரிணையைக் கடந்து, ஷூட்டர்ஸ் குன்றுக்கு அதிக தூரமில்லாத வழியாகவே பஸ் இலண்டனுள் நுழைகிறது. திங்கட்கிழமை விடியலிலே விக்ரோறியாவில் இறங்குவோருள் நேராக வேலைக்குச் செல்வோரும் இருப்பர்.